கேத்திலுக்குள் பிடிக்கும் கல்: யாழ்ப்பாண வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆய்வுகூடம்

பிள்ளைகளுக்கான வீட்டுப் பரிசோதனை என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எரிமலைதான். மண்ணைக் குவித்து, நடுவில் ஒரு சின்னப் போத்தலைப் புதைத்து, அப்பச்சோடாவும் சிவப்புச் சாயமும் போட்டு, மேலே வினாகிரியை ஊற்றினால் நுரை பொங்கி வழியும். யூரியூப்பில் இதற்குப் பஞ்சமே இல்லை. பெட்டியில் அடைத்து விற்கிற விஞ்ஞானப் பொதிகளிலும் இது இருக்கும். பிள்ளை கைதட்டும், அம்மா கைபேசியில் படம் எடுப்பார், பத்து விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். உண்மையான எரிமலை இப்படி வேலை செய்வதில்லை என்பது ஒருபுறமிருக்க, பிள்ளை இதில் எதைக் கண்டுபிடித்தது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

அதே நுரை குசினியில் வேறோர் இடத்திலும் கிடைக்கும். தேத்தண்ணிக்குக் கொதிக்க வைக்கிற கேத்திலின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாக, சுரண்டினாலும் லேசில் வராத ஒரு படை பிடித்திருக்கும். அதில் ஒரு துண்டைப் பெயர்த்துத் தேசிக்காய்ப் புளியில் போட்டால், துண்டைச் சுற்றிக் குமிழிகள் எழும். எரிமலையில் வந்த அதே காபனீரொட்சைட்டுதான். ஆனால் இங்கே ஒரு கேள்வி தானாகவே வருகிறது. கேத்திலுக்குள் யாரும் அப்பச்சோடா போடவில்லையே, இந்த வாயு எங்கேயிருந்து வந்தது?

பிள்ளையிடம் உடனே விடையைச் சொல்லிவிடாமல், வளவுக்குள் கிடைக்கிற பொருள்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவரச் சொல்லலாம். முற்றத்துக் கல், முட்டைக்கோது, கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, பழைய மதிலில் இருந்து உதிர்ந்த முருகைக்கல், செங்கல் துண்டு, கண்ணாடி மாபிள், பாடசாலை வெண்கட்டி. எது நுரைக்கும், எது நுரைக்காது என்று முதலில் கொப்பியில் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் புளி. கல்லும் கோதும் சிப்பியும் முருகைக்கல்லும் நுரைக்கும். மாபிள் நுரைக்காது. செங்கல்லில் சீமெந்தோ சாந்தோ ஒட்டியிருந்தால் அந்த இடம் மட்டும் நுரைத்து ஆளைக் குழப்பும். வெண்கட்டிதான் சுவாரசியமானது. சுண்ணாம்புக்கல்லால் செய்ததென்றால் நுரைக்கும், ஜிப்சத்தால் செய்ததென்றால் பேசாமல் கிடக்கும். தகப்பனுக்கும் முன்கூட்டித் தெரியாத ஒன்று பட்டியலில் இருப்பது நல்லது. பெரியவர்களுக்கு விடை தெரிந்திருந்தால் பிள்ளை பொருளைப் பார்க்காது, அவர்களின் முகத்தைத்தான் பார்க்கும்.

வேடிக்கையைப் பரிசோதனையாக்குவது இரண்டு காரியங்கள்தான். என்ன நடக்கும் என்று முன்னரே சொல்வது ஒன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது மற்றது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த பொதி வாங்கினாலும் அது வாணவேடிக்கைதான்.

யாழ்ப்பாணத்தில் கல்லிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் இருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் அங்கே தொடங்கப்பட்டு 1990 வரை இயங்கியதும் இந்தக் கல்லை நம்பித்தான். ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு நமக்கு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடும். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மிக மென்மையான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்கிக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. நாங்கள் அள்ளிக் குடிப்பது கரைந்த கல்லும் சேர்ந்த தண்ணீரைத்தான். கொதிக்க வைக்கும்போது வாயு வெளியேறுகிறது, கல் மறுபடியும் கல்லாகிக் கேத்திலின் சுவரில் படிகிறது. பிள்ளை கேட்ட கேள்விக்கு விடை இதுதான். புளி பட்டதும் வந்த வாயு கல்லுக்குள் கல்சியம் காபனேற்றாகக் கட்டுண்டு கிடந்தது.

அடுத்ததைச் சவர்க்காரத்தால் செய்யலாம். ஒரே அளவான மூன்று தண்ணீர்ப் போத்தல்கள். ஒன்றில் மழைத்தண்ணீர் (ஓட்டு வழியாக வந்தது வேண்டாம், வெளியில் சட்டி வைத்துப் பிடித்ததாக இருக்கட்டும்), ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டு மேலாக வடித்தெடுத்த கிணற்றுத் தண்ணீர். மூன்றிலும் ஒரே அளவு சவர்க்காரச் சீவலைப் போட்டு, இருபது தரம் குலுக்க வேண்டும். மழைத்தண்ணீர் பொங்கி நுரைக்கும். பச்சைக் கிணற்றுத் தண்ணீர் நுரைக்க மனமில்லாமல் தயிர் திரிந்ததுபோல வெள்ளைக் கசடு கட்டும். கொதித்த தண்ணீர் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கொதித்தும் நுரைக்கவில்லை என்றால், கொதித்தால் போகாத வகை உப்புகள் அந்தக் கிணற்றில் அதிகம் என்று அர்த்தம். இதைச் செய்யும்போது சவர்க்காரக் கட்டியைத்தான் பாவிக்க வேண்டும். ஷாம்பூவும் உடுப்புத் தோய்க்கும் பவுடரும் எந்தத் தண்ணீரிலும் நுரைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றைப் போட்டால் மூன்று போத்தலும் ஒரே மாதிரித் தெரியும். பக்கத்து வீட்டுக் கிணறு, கோயில் கிணறு, மாமா வீட்டுக் கிணறு என்று பிள்ளை போத்தலோடு அலையத் தொடங்கினால் தடுக்காதீர்கள்.

கிணற்றைப் பற்றி இன்னொன்று. நல்ல தண்ணிக் கிணறு இருக்கிற வீட்டிலிருந்து சில ஒழுங்கை தள்ளினால் உவர்க் கிணறு இருப்பது ஏன் என்று இங்கே வளர்கிற எந்தப் பிள்ளையும் ஒருநாள் கேட்கும். ஒரு லீற்றர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதனால் அது நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவு பாரமானது. குடாநாட்டின் அடியில் கல்வெடிப்புகளுக்குள் கடல்நீர் நாலா பக்கத்தாலும் புகுந்து நிற்கிறது. மழை கொடுத்த நன்னீர் அதன் மேல் மிதக்கிறது. இந்தச் சின்னப் பார வித்தியாசத்தால்தான், நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு ஒரு மீற்றர் மேலே நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கலாம் என்பது கணக்கு. கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவர் தனித்தனியாகக் கண்ட தொடர்பு இது. மறுபக்கமாக வாசித்தால்தான் விஷயத்தின் கனம் தெரியும்: மேலே மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால், கீழே உவர் நாற்பது மீற்றர் ஏற இடம் கிடைக்கிறது. புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேல் தண்ணீர் நன்னீராகவும் ஆழத்தில் உவராகவும் இருப்பதும் இதனால்தான்.

கண்ணாடித் தம்ளரில் இதைக் காட்டலாம். ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்தால் கிட்டத்தட்டக் கடல் தண்ணீர். தம்ளரில் பாதிவரை அதை ஊற்றி, ஒரு கரண்டியின் முதுகைத் தண்ணீரோடு ஒட்டிப் பிடித்து, சாயம் கலந்த நன்னீரை அதன் மேல் மெல்ல மெல்ல வார்க்க வேண்டும். செவ்வரத்தம்பூவைச் சுடுதண்ணியில் போட்டு எடுத்த சாயமே போதும், ஆறியிருக்க வேண்டும். சுடச்சுட வார்த்தால் மிதப்பது உப்பு இல்லாததாலா சூட்டாலா என்று சொல்ல முடியாது. கை நடுங்காவிட்டால் மேலே நிறம், கீழே தெளிவு என்று இரண்டு தட்டாகத் தண்ணீர் நிற்கும். பிறகு ஊசி கழற்றிய ஒரு புதிய சிறிஞ்சை மேல்தட்டில் வைத்து மெதுவாக இழுத்தால் நிறத் தண்ணீர்தான் வரும். அதே இடத்தில் ஒரேயடியாக இழுத்தால் கீழிருந்து உப்புத் தண்ணீர் கூம்பாக எழும்பிச் சிறிஞ்சுக்குள் ஏறும். துலாவால் இறைத்த காலத்தில் ஒரு நாளில் எடுக்கக்கூடிய தண்ணீருக்கு மனிதக் கையே எல்லை வைத்திருந்தது. மோட்டருக்கு அப்படி எல்லை கிடையாது. உவராகிப்போன கரையோரக் கிணறுகளைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதைப் பிள்ளை இனி வேறு காதால் கேட்கும்.

செவ்வரத்தம்பூச் சாயம் மிச்சமிருந்தால் வீணாக்க வேண்டாம். புளி விட்டால் பளிச்சென்று சிவக்கும், அப்பச்சோடா போட்டால் பச்சைக்குப் போகும். அதை மழைத்தண்ணீரில் ஒருக்கா, கிணற்றுத் தண்ணீரில் ஒருக்கா அவித்தால் சாயம் ஒரே நிறமாக வருமா என்று கேட்டுப் பாருங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆலாத்தித் தண்ணீர் சிவப்பதும், மஞ்சள் கறை பட்ட வெள்ளைச் சட்டை சவர்க்காரம் பட்டதும் சிவப்பதும் இதே குடும்பத்து விஷயங்கள்.

இனி அம்மம்மாக்களிடம் போகலாம்.

"ஏன் அம்மம்மா, முட்டிக்குள்ளை சுண்ணாம்பு பூசுறவை?"

"பூசாட்டிப் புளிச்சுப் போம் பிள்ளை. பிறகு அது கள்ளு, கருப்பநீர் இல்லை."

இந்த இரண்டு வரிக்குள் நுண்ணுயிரியல் பாடம் ஒன்று இருக்கிறது. பனம்பாளையிலிருந்து முட்டிக்குள் சொட்டுகிற இனிப்புச் சாற்றில் காற்றிலும் முட்டியிலும் இருக்கிற மதுவம் (ஈஸ்ட்) விழுந்து, சீனியை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்குகிறது. அந்தக் காரத்தில் மதுவத்தால் வேலை செய்ய முடியாது. பனங்கட்டி காய்ச்சுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இதைக் கையாண்டு வந்திருக்கிறார்கள்.

வீட்டில் செய்வதென்றால், பாண் போடுகிற மதுவமும் சீனியும் வெதுவெதுப்பான தண்ணீரும் இரண்டு போத்தலில் ஒரே அளவாக எடுத்து, ஒன்றில் மட்டும் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து, இரண்டின் வாயிலும் பலூன் மாட்டலாம். சுண்ணாம்பில்லாத போத்தலின் பலூன் எழும்பும், மற்றது தொங்கிக்கொண்டு கிடக்கும். "சுண்ணாம்பு மதுவத்தை நிறுத்திவிட்டது" என்று எழுதி முடிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை மடக்கக்கூடும். சுண்ணாம்புத் தண்ணீர் காபனீரொட்சைட்டை உறிஞ்சும் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அப்படியானால் மதுவம் வேலை செய்தும், வந்த வாயுவைச் சுண்ணாம்பு விழுங்கியிருக்கலாம் அல்லவா? பலூனை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. நுரை எழும்புகிறதா, மறுநாள் புளித்த மணம் வருகிறதா என்று வேறு வழியில் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், நூறு எரிமலைகளைவிட இந்த ஒரு சந்தேகம் பெறுமதியானது. (சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, அதைப் பெரியவர்தான் கரைக்க வேண்டும். கல்லில் புளி ஊற்றுவதைப் பிள்ளையே செய்யட்டும்.)

பனங்கொட்டையும் அப்படித்தான். மற்ற விதைகளில் முளை மேலே வரும் என்று பயற்றை முளைக்கவைத்துப் பார்த்த பிள்ளைக்கு, பனங்கொட்டை முதலில் கீழே போவது புதினமாக இருக்கும். முளையம் ஒரு குழாய்க்குள் இருந்தபடி மண்ணுக்குள் இறங்குகிறது. கொட்டைக்குள் பூரான் என்கிற பஞ்சு போன்ற பகுதி வளர்ந்து, அங்கிருக்கும் உணவைக் கரைத்துக் கீழே அனுப்புகிறது. அந்தச் சேமிப்புத்தான் நாங்கள் அவித்துத் தின்கிற கிழங்கு. பாத்தி போடும்போது பிள்ளைக்கென்று ஒரு ஓரத்தை ஒதுக்கி, இரண்டு கிழமைக்கொருதரம் ஒன்றைப் பிடுங்கிப் பிளந்து, பூரான் எவ்வளவு, கிழங்கு எவ்வளவு நீளம் என்று படம் கீறி வைக்கச் சொல்லலாம். "விளைய முன்னம் பிடுங்குது" என்று ஏச்சு விழும். விழட்டும்.

பெரியவர்களிடம் கேட்க இன்னொன்றும் இருக்கிறது. 1990இல் போரால் மின்சாரம் நின்று, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கே தட்டுப்பாடு வந்த காலத்தில் குடாநாடு முழுவதும் ஒரு பெரிய ஆய்வுகூடமாக இருந்தது. விரும்பி நடத்தியதில்லை. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெயும் மெல்லிய திரியும் வைத்து விளக்கெரித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்னால் வானொலி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, இயந்திரம் சூடேறிய பிறகுதான் ஆவியாகும் என்பதை எந்தப் புத்தகமும் பார்த்து அவர்கள் செய்யவில்லை. எரிபொருளோடு பிள்ளைகள் விளையாடக் கூடாது, கதையாகக் கேட்டால் போதும். டைனமோவைச் செய்து பார்க்கலாம். பழைய சைக்கிளும் சின்ன மின்குமிழும் கிடைத்தால், வேகமாகச் சுற்ற வெளிச்சம் கூடுவதையும், நிறுத்திய கணமே அணைவதையும் பிள்ளையின் கையே சொல்லிக் கொடுக்கும்.

விளக்கு என்றதும், வீட்டிலும் வகுப்பிலும் அதிகம் செய்யப்படுகிற, அதிகம் பிழையாக விளக்கப்படுகிற ஒன்று நினைவுக்கு வருகிறது. தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுதிரி, மேலே தம்ளரைக் கவிழ்த்தால் திரி அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன், அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறியது" என்று சொல்லித்தருவார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. ஒட்சிசன் முழுவதும் தீர முன்னமே, நூற்றுக்குப் பதினாறு பங்கு அளவுக்குக் குறையும்போதே மெழுகுதிரி அணைந்துவிடும். செலவான ஒட்சிசனின் இடத்தைப் பெருமளவு காபனீரொட்சைட்டு பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் ஏறுவதற்கு முக்கிய காரணம் சூடு. தம்ளருக்குள் சூடாகி விரிந்த காற்று, திரி அணைந்ததும் குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்றின் அமுக்கம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

யாரும் சொன்னதற்காக இதை நம்ப வேண்டியதில்லை. உற்றுப் பார்த்தால், தம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பால் சில குமிழிகள் வெளியேறும். திரி எரியும்வரை தண்ணீர் அவ்வளவாக அசையாது, அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறும். பிறகு அதே தம்ளருக்குள் ஒன்றுக்குப் பதில் மூன்று திரி வைத்துப் பாருங்கள். தம்ளரும் ஒட்சிசனும் அதேதான். ஆனால் தண்ணீர் முன்னையதைவிட உயரமாக ஏறும். ஐந்தில் ஒன்று என்ற கதை அங்கேயே விழுந்துவிடும்.

இங்கேதான் தாய் தகப்பன் கேட்பார்கள்: "உது சோதினைக்கு வருமோ?" நியாயமான கேள்வி. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக எட்டு வயதிலிருந்தே ரியூஷன் அலைச்சல். தரம் ஆறில் விஞ்ஞானம் தனிப் பாடமாக வருவதற்குள் பிள்ளை பல்தேர்வு வினாக்களுக்குப் பழகிவிடுகிறது. உயர்தரத்தில்கூட பௌதிகவியலும் இரசாயனவியலும் எழுத்துத் தாள்களால்தான் அளக்கப்படுகின்றன. செயன்முறையைக்கூட எழுதித்தான் காட்ட வேண்டும். அப்படியிருக்க, "ஐந்தில் ஒன்று" என்று எழுதினால் புள்ளி கிடைக்கும் என்ற நிலைமையில், மூன்று திரி வைத்துப் பார்த்த பிள்ளை இடர்ப்படக்கூடும். நான் இதை மழுப்ப விரும்பவில்லை. ஆனால் அந்தத் தாள்களில் வருகிற கட்டமைப்பு வினாக்களே "எந்த மாறியை மாறாமல் வைத்தாய்?", "இந்த அவதானத்திலிருந்து என்ன முடிவுக்கு வரலாம்?" என்றுதான் கேட்கின்றன. மனப்பாடம் செய்தவர் அதில் தடுமாறுவார். இன்னொன்றும் உண்டு. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய செமினரியில் இயற்கை விஞ்ஞானமும் வானியலும் படிப்பித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைத்தேச மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். தமிழில் விஞ்ஞானம் பேசுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. வீட்டில் பேசாமல் விட்டதுதான் புதிது.

கடைசியாக ஒன்று. இதற்கு ஒரு தடியும் அளவுநாடாவும் போதும், ஆனால் நாள் பார்த்துச் செய்ய வேண்டும்.

யாழ்ப்பாணம் பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9.7 பாகையில் இருக்கிறது. ஆண்டில் இரண்டு தரம் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வரும். ஒன்று சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள், ஏப்ரல் 15ஐ ஒட்டி. மற்றது ஓகஸ்ட் 28ஐ ஒட்டி. நேரமும் சரியாகப் பன்னிரண்டு இல்லை. இலங்கை நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்குரியது, நாங்கள் 80 பாகையில் இருக்கிறோம். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று பார்த்தால் பத்து நிமிடம் பிந்தும். ஏப்ரல் 15இல் 12.10க்கு முற்றத்தில் நிமிர்த்தி நட்ட தடிக்கு நிழல் இல்லாமல் போகும். பெரியவர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்கட்டடிக்குப் போனால், வெயில் கட்டின் நிழலே விழாமல் கிணற்றுக்குள் நேராக இறங்குவதைப் பார்க்கலாம். தண்ணீரில் தெரிகிற சூரியனை மட்டும் பார்க்கக் கூடாது. எகிப்தில் சையீன் நகரத்துக் கிணறு ஒன்றில் வெயில் அடிவரை விழுகிற நாளில், அலெக்சாண்ட்ரியாவில் நிழல் விழுவதை வைத்து எரடோஸ்தெனீஸ் என்ற கிரேக்க அறிஞர் 2,200 ஆண்டுகளுக்கு முன்னர் பூமியின் சுற்றளவைக் கணித்தார். அலெக்சாண்ட்ரியாவுக்குப் பதிலாக எங்களுக்கு லண்டன் இருக்கிறது. அங்கே ஒரு மச்சானோ மச்சாளோ இல்லாத வீடு குறைவு.

அன்றைக்கு லண்டனில் சூரியன் உச்சிக்கு வருவது அங்கத்தைய நேரம் பிற்பகல் ஒரு மணியளவில். அங்கிருக்கும் பிள்ளை ஒரு மீற்றர் தடியை நிமிர்த்தி, நிழலை அளந்து வட்ஸ்அப்பில் அனுப்பட்டும். கிட்டத்தட்ட 90 சென்ரிமீற்றர் வரும். தடியையும் நிழலையும் பத்தில் ஒன்றாகச் சுருக்கித் தாளில் முக்கோணம் கீறி, தடியின் உச்சிக் கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் 42 பாகை. இங்கே பூச்சியம், அங்கே 42. வரைபடத்தில் யாழ்ப்பாணத்துக்கும் லண்டனுக்கும் இடையிலான வடக்கு–தெற்குத் தூரம் மட்டும் வேண்டும், அது சுமார் 4,650 கிலோமீற்றர். விமானம் பறக்கிற தூரம் இதைவிட மிக அதிகம். அது மேற்காகவும் போவதால் கணக்குக்கு உதவாது. 360ஐ 42ஆல் பிரித்து 4,650ஆல் பெருக்கினால் 39,857. பூமியின் உண்மையான சுற்றளவு 40,000 கிலோமீற்றருக்குச் சற்று மேல்.

தடி சரிந்து நின்றோ, மணி பிந்தியோ, லண்டன் பிள்ளை 95 சென்ரிமீற்றர் என்று அனுப்பினால், கோணம் 43.5 ஆகி விடை ஏறத்தாழ 38,500க்கு இறங்கும். நிழலில் ஐந்து சென்ரிமீற்றர் பிசகு பூமியில் ஆயிரத்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் வெட்டிவிடுகிறது. அதனால் பன்னிரண்டேமுக்காலிலிருந்து ஒன்றேகால் வரை ஐந்து நிமிடத்துக்கொருதரம் அளந்து, ஆகக் குறைந்த நிழலையே கணக்குக்கு எடுக்கச் சொல்லுங்கள். தடி நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்க ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். லண்டனில் அன்று முகில் மூடினால் ஓகஸ்ட் 28 இருக்கிறது.